கொசுவுக்குக் கணக்குப் போட்ட டாக்டர்

குழந்தைகளே! கணக்குப் பாடம் என்றாலே உங்களில் சிலருக்குக் காய்ச்சல் வந்துவிடும், இல்லையா? கணக்குப் போட்டே காய்ச்சலை விரட்ட வழி சொன்ன ஒரு டாக்டரின் கதையை இந்த வாரம் தெரிந்துகொள்வோமா? அவர் பெயர் ரொனால்டு ராஸ்.

1857ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி, இமயமலைப் பகுதியில் உள்ள அல்மோராவில் ராஸ் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் அதிகாரி. எட்டு வயதில் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். கவிதை, ஓவியம், இசை என்று அவருக்கு ஆசைகள் பல. தந்தையின் விருப்பமோ மகன் டாக்டராக வேண்டும் என்பது. அப்படியே மருத்துவம் படித்து, 1881ஆம் ஆண்டு இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். ஓய்வு நேரத்தில் கணிதப் புத்தகங்களை வாங்கி, ஆசிரியர் உதவியின்றித் தானே படித்தார். அந்தப் படிப்பு பின்னாளில் எப்படிக் கைகொடுத்தது என்று பாருங்கள்.

1883இல் ராஸ் பெங்களூரில் இருந்தார். அவர் தங்கிய வீட்டில் ஒரே கொசுத் தொல்லை! ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். உள்ளே கொசுப் புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், கொசுக்கள் பெரிதும் குறைந்தன. மற்ற இடங்களிலும் இப்படிச் செய்யலாமே என்று மேலதிகாரியிடம் சொன்னார். அதிகாரி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை!

அந்தக் காலத்தில் மலேரியா எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அசுத்தக் காற்றால் வருகிறது என்றே பலரும் நம்பினர். கொசுவுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று லண்டனில் பேட்ரிக் மான்சன் என்ற மருத்துவர் ராஸிடம் சொன்னார். அதைக் கண்டுபிடித்தே தீருவது என்று 1895இல் செகந்திராபாத்துக்கு வந்தார் ராஸ். நாள்தோறும் கொசுக்களை அறுத்து, நுண்ணோக்கியில் பார்த்தார். கொளுத்தும் வெயில். விசிறினால் கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் காற்று வாங்கவும் வழியில்லை. வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. ஆனாலும் விடவில்லை.

1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி, அனாபிலிஸ் என்ற கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்து ஆராய்ந்து, கொசுக்கடியால்தான் மலேரியா பரவுகிறது என்று காட்டினார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் ஆகஸ்ட் 20ஆம் தேதி உலகக் கொசு தினமாக நினைவுகூரப்படுகிறது.

கதை இத்துடன் முடியவில்லை. கொசுவைக் குறைத்தால் மலேரியா குறையும் என்றார் ராஸ். லாகூருக்கு அருகே மியான் மீர் என்ற ராணுவ முகாமில் சிலர் அதைச் செய்து பார்த்தார்கள். பலன் கிடைக்கவில்லை. ஒரு கொசு மிஞ்சினாலும் நோய் பரவுமே, உலகத்துக் கொசுக்களை எல்லாம் கொல்ல முடியுமா என்று பலர் கேட்டனர். இந்த முயற்சியையே கைவிட்டால், மக்கள் தொடர்ந்து மலேரியாவுக்குப் பலியாவார்களே! ராஸ் பேனாவை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

நாமும் போட்டுப் பார்ப்போமா? ஒரு நோயாளியிடமிருந்து கொசுக்கள் வழியாக 2 பேருக்கு நோய் பரவுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 4, 8, 16 என்று பெருகி, பத்தாவது சுற்றில் 1024 பேர்! இப்போது கொசுக்களைக் குறைத்துவிடுகிறோம். இரண்டு நோயாளிகளிடமிருந்து ஒருவருக்குத்தான் பரவுகிறது. 1024 என்பது 512, 256, 128 என்று குறைந்து, பத்தாவது சுற்றில் 1 ஆகிவிடும்!

நோயைப் பரப்ப, ஒரு கொசு முதலில் நோயாளியைக் கடிக்க வேண்டும். கிருமி அதன் உடலுக்குள் வளரும்வரை உயிரோடு இருக்க வேண்டும். பிறகு இன்னொருவரைக் கடிக்க வேண்டும். அதற்குள் பல கொசுக்கள் செத்துவிடும். ஆகவே, எல்லாக் கொசுக்களையும் அழிக்க வேண்டியதில்லை. ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே போதும், நோய் தானாக ஒடுங்கும். மலேரியாவைத் தடுக்க வழி சொல்வதற்காக 1907இல் மொரீஷியஸ் தீவுக்குப் போன ராஸ், அந்த அறிக்கையிலும் பின்னர் எழுதிய நூலிலும் இதைக் கணக்கோடு விளக்கினார்.

ராஸுடன் ஆப்பிரிக்காவுக்குப் போய்வந்த மெக்கென்ட்ரிக் என்ற இளம் மருத்துவரும் கணிதத்தில் ஆர்வம் கொண்டார். ஆய்வுக்கூட விபத்தில் பார்வை இழந்த கெர்மாக் என்பவருடன் சேர்ந்து, 1927இல் தொற்றுநோய்களுக்கே பொதுவான கணக்கு முறையை வகுத்தார். ராஸ் 1932 செப்டம்பர் 16ஆம் தேதி லண்டனில் காலமானார்.

அவர்கள் காகிதத்தில் போட்ட கணக்கின் வழியில்தான் இன்று கணினி வேலை செய்கிறது. விஞ்ஞானிகள் கணினிக்குள் ஒரு பொம்மை ஊரை உருவாக்குகிறார்கள். வீடு, பள்ளி, பேருந்து எல்லாம் அதில் உண்டு. அங்கே நோயைப் பரவவிட்டு, பள்ளியை மூடினால் என்ன ஆகும், தடுப்பூசியை முதலில் யாருக்குப் போடலாம் என்று சோதிக்கிறார்கள். உண்மையான மனிதர் ஒருவருக்கும் ஆபத்தில்லை. 2020இல் கொரோனா பரவியபோது பல நாடுகளும் இந்த முறையைப் பயன்படுத்தின. ஆனால், கணினி ஜோசியர் அல்ல. கொடுக்கும் விவரம் தவறானால் விடையும் தவறிவிடும். அதனால்தான் நோயாளிகளையும் கொசுக்களையும் சரியாக எண்ணிக் கணக்கெடுப்பது முக்கியம்.

செல்லங்களே! ஒரு கொசுவைக்கூட மிச்சம் வைக்காமல் நம்மால் ஒழிக்க முடியாதுதான். ஆனால், ராஸின் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். குறைத்தாலே வெற்றி! இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மாவுடன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். மூடாத தொட்டியை மூடச் சொல்லுங்கள். பழைய டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை மறக்காமல் செய்வீர்கள்தானே?