காசியில் தேடிய கோயில்

நான் காசிக்குப் படிக்க வந்த முதல் ஆண்டில் ஊரிலிருந்து என் தம்பி ஒரு கடிதம் எழுதினான். இங்கே ஒரு கோயிலில் 64 பொன் தட்டுகளை அந்தணர்கள் ஒரு கம்பத்திலிருந்து மற்றொன்றுக்கு ஓயாமல் மாற்றி வருகிறார்களாம். நான் கண்டதுண்டா என்று கேட்டிருந்தான். சந்து சந்தாகத் தேடினேன். படித்துறைகளில் விசாரித்துச் சிரிப்புக்கு ஆளானதுதான் மிச்சம்! அது 1883-இல் பாரிசில் வெளிவந்த ஒரு விளையாட்டுப் பொருளோடு சேர்ந்து வந்த கட்டுக்கதை என்பது பிறகுதான் தெரிந்தது.

கதை கட்டியவர் எதுவார் லூக்கா. 1842-இல் பிரான்சு நாட்டின் ஆமியென் நகரில் பிறந்தவர். பாரிசு வானாய்வுக் கூடத்தில் சில காலம். 1870-இல் மூண்ட போரில் பீரங்கிப் படை அதிகாரி. பின்னர் பள்ளி ஆசிரியர். விளையாட்டுக் கணக்கு அவருடைய ஒரு முகமே. மறுமுகத்தைக் கண்டபோது நான் அயர்ந்து போனேன்.

127 இரண்டுகளைத் தம்முள் பெருக்கி ஒன்று கழித்தால் 39 இலக்கமுள்ள ஓர் எண் வரும்:

170141183460469231731687303715884105727.

இது பகா எண் என்று 1644-இல் மெர்சென் என்ற பாதிரியார் ஆதாரம் காட்டாமல் சொல்லிவிட்டார். வகுத்துப் பார்த்துத் தீர்ப்பதென்றால் 20 இலக்க எண்கள் வரை போகவேண்டும். ஓர் ஆயுள் எம்மட்டு? லூக்கா வகுக்கவே இல்லை. 3-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மேலே போனார்.

சிறிய எண்ணான 127-ஐ (இது ஏழு இரண்டுகளின் பெருக்கத்தில் ஒன்று குறைவு) நானே சோதித்தேன். 3, 7, 47, அடுத்தது 2207. அதில் மீதி 48. பிறகு 2302, மீதி 16. பிறகு 254. அது சரியாக இரண்டு 127! மீதி சுழியானால் எண் பகா எண். எனக்கு ஐந்தே படிகள். அவருக்கோ 125 படிகள், ஒவ்வொன்றிலும் 39 இலக்கம் வரையுள்ள எண்ணின் வர்க்கம். 1876-இல் கையாலேயே முடித்தார். ஓர் இலக்கம் பிசகினாலும் அத்தனையும் வீண். மெர்சென் பகா எண் என்று சொன்ன மற்றொன்று, 67 இரண்டுகளுக்குரியது, பகு எண் என்பதையும் காட்டினார். அதன் காரணிகள் 193707721, 761838257287 என்று கோல் என்பவர் சொன்னது 1903-இல்தான்!

லூக்கா அதுவரை இருக்கவில்லை. 1891-இல் ஒரு விருந்தில் தட்டு உடைந்து, தெறித்த துண்டு கன்னத்தைக் கீறியது. புண் விஷமாகி, சில நாட்களில் மறைந்தார். வயது 49.

அவர் கணக்கு சரிதானா? 1914-இல் ஃபோக்கெம்பெர்க் என்பவர் மறுபடி போட்டுப் பார்த்து உறுதி செய்தார். 1951 வரை அதைவிடப் பெரிய பகா எண்ணை எவரும் காணவில்லை. 1930-இல் லெமர் செப்பனிட்ட அதே சோதனையைத்தான் கணிப்பொறிகள் கைக்கொண்டன. 2024-இல் கண்டறிந்த, நான்கு கோடியே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இலக்கமுள்ள பகா எண்ணையும் அதனாலேயே உறுதி செய்தார்கள்.

கோயில் இல்லை என்று தம்பிக்கு எழுதினேன். அந்த ஐந்து படிகளையும் கடிதத்தின் பின்புறத்தில் போட்டு அனுப்பியிருக்கிறேன்.