சீருடை கொடுத்தார்கள், பதவி கொடுக்கவில்லை: ராணுவ பிசியோதெரபிக்கு வழிபோட்ட மேரி மெக்மில்லன் யார்?

கால் உடைந்து கட்டு போட்டவர்களுக்குத் தெரியும். கட்டைப் பிரிக்கிற அன்னைக்குத்தான் உண்மையான வேலையே ஆரம்பிக்கும். மடங்க மறுக்கிற முட்டியை தினமும் கொஞ்சம் கொஞ்சமா மடக்க வைப்பவர் பிசியோதெரபிஸ்ட். அந்த முட்டி ஒரு ராணுவ வீரருடையது என்றால்?

அதற்கென்றே அமெரிக்க ராணுவம் தனியாக ஒரு முனைவர் படிப்பு நடத்துகிறது. டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில், பேய்லர் பல்கலைக்கழகத்துடன் இணைந்து நடக்கும் படிப்பு அது. மாணவர்கள் சேரும்போதே ராணுவ அதிகாரிகள். மாதச் சம்பளம் உண்டு. கூடவே அனாடமி, ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சி என நாள் முழுக்க ஓட்டம்தான்.

ஆனா 100 வருஷத்துக்கு முன்னாடி இதே வேலையைப் படித்த பெண்களுக்கு ராணுவப் பதவியே கிடையாது. அவர்களுக்கு டீச்சராக இருந்தவர்தான் மேரி மெக்மில்லன்.

லிவர்பூலில் கற்ற கைவேலை

1880-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர் மேரி. சிறு வயதிலேயே அம்மா இறந்துவிட, இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்த உறவினர்களிடம் வளர்ந்தார். உடற்பயிற்சிக் கல்வி படித்தார். பிறகு புகழ்பெற்ற எலும்பு மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸிடம் வேலை. எந்த மூட்டை எவ்வளவு தூரம் அசைக்கலாம், எங்கே நிறுத்தணும் என்பதை நோயாளிகள் மேல் கை வைத்தே கற்றுக்கொண்டார்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது அமெரிக்கா திரும்பினார். 1917-ல் அமெரிக்காவும் போரில் இறங்கியது. காயத்தை ஆற்ற டாக்டர்கள் இருந்தார்கள். ஆனா விறைத்துப்போன கையையும் காலையும் மறுபடி இயங்க வைக்க, பயிற்சி பெற்றவர்கள் போதுமான அளவில் இல்லை.

ராணுவம் ‘ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் எய்டு’ என்ற புது வேலையை உருவாக்கியது. 1918-ல் அந்த வேலைக்கு உறுதிமொழி எடுத்த முதல் பெண் மேரி. வாஷிங்டனில் உள்ள வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் பணி தொடங்கியது.

சில மாதங்களில் ஒரு தொழில்

அதே ஆண்டு கோடையில் ஆரிகன் மாநிலத்தின் ரீட் கல்லூரி, பயிற்சி வகுப்பு நடத்த அவரைக் கேட்டது. நாட்டில் நடந்த இத்தகைய வகுப்புகளில் மிகப் பெரியது இதுதான். சுமார் 200 பெண்கள் பயிற்சி பெற்றார்கள். பலர் ஏற்கெனவே உடற்பயிற்சி ஆசிரியைகள்.

மேரி பல வருஷமா கற்றதை இவர்கள் சில மாதங்களில் கற்கணும். எலும்பு, தசை, நரம்பு பாடம் ஒருபக்கம். மசாஜ், சிகிச்சைப் பயிற்சிகள் இன்னொரு பக்கம். இந்த வேலையைப் புத்தகத்தை மட்டும் படித்துக் கற்க முடியாது, கையில் வரணும். அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் ஆறிவரும் எலும்புக்கு ஆபத்து. அழுத்தம் போதாவிட்டால் மூட்டு நிரந்தரமாக விறைத்துவிடும். இந்த நடுநிலையை அவசர கதியில் கற்பிப்பதுதான் அந்தக் கோடையின் சவால்.

படித்து முடித்தவர்கள் நேராக ராணுவ மருத்துவமனைகளுக்குப் போனார்கள். அவர்களுக்குச் சீருடை இருந்தது, ராணுவக் கட்டுப்பாடும் இருந்தது. ஆனா கணக்கில் அவர்கள் சிவிலியன் ஊழியர்கள். பதவி இல்லை, போர் முடிந்த பிறகு முன்னாள் படைவீரருக்கான சலுகையும் இல்லை.

போர் முடிந்தது, வேலை முடியலை

1920-ல் மேரி ராணுவப் பணியை விட்டார். ஆனா கற்ற வித்தை கலைந்துவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். 1921-ல் தொழில்முறை சங்கம் உருவானபோது முதல் தலைவர் அவர்தான். அப்போது உறுப்பினர்கள் 274 பேர். இன்று அமெரிக்க பிசியோதெரபி சங்கமாக வளர்ந்திருக்கும் அதில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். மசாஜ், சிகிச்சைப் பயிற்சிகள் பற்றிய அவருடைய பாடப்புத்தகமும் அதே 1921-ல் வெளியானது.

அடுத்த ஆண்டே வால்டர் ரீடில் ராணுவத்தின் நிரந்தரப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. அதை நடத்தியவர் எம்மா வோகல், ரீட் கல்லூரியில் 1918-ல் படித்தவர். இன்றைய சான் அன்டோனியோ படிப்பின் வேர் அந்த வகுப்பில்தான் இருக்கிறது.

மறுபடி ஒரு போர்

1932-ல் மேரி சீனாவுக்குப் போய், பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் பிசியோதெரபி கற்பித்தார். 1941 டிசம்பரில் நாடு திரும்பும் வழியில் மணிலாவில் இருந்தபோது ஜப்பான் தாக்கியது. 61 வயதில் மறுபடி காயம்பட்டவர்களுக்கு உதவ இறங்கினார். பிறகு ஜப்பானியர்களிடம் பிடிபட்டு, சாண்டோ தோமாஸ் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கேயும் சக கைதிகளுக்கு சிகிச்சை அளித்தார். 1943-ல்தான் விடுதலை.

அவர் ஜப்பானியர் பிடியில் இருந்த 1942-ன் கடைசியில்தான், அமெரிக்க ராணுவ பிசியோதெரபிஸ்ட்களுக்கு முதன்முறையாக அதிகாரிகளுக்கு இணையான நிலை கிடைத்தது. முழுமையான அதிகாரி அந்தஸ்து 1944-ல். முதல் உலகப்போரின் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் எய்டுகளை முன்னாள் படைவீரர்களாக அரசு ஏற்றது 1981-ல்.

மேரி 1959-லேயே இறந்துவிட்டார்.

இன்று சான் அன்டோனியோவில் ஒரு மாணவி முதல் நாளே தோளில் அதிகாரிப் பட்டையுடன் வகுப்புக்குள் போகிறார். அந்தப் பட்டை இல்லாமலே வேலையைச் செய்து காட்டியவர்கள், மேரியும் அவருடைய மாணவிகளும்.