ஜப்பான் டாட்டூவுக்கு உருவம் கொடுத்த ஓவியர்: யார் இந்த குனியோஷி?

ஜப்பான் டாட்டூன்னாலே முதுகு நிறைய டிராகன், கெண்டை மீன்தான் ஞாபகம் வரும். இந்த மோகத்துக்குப் பெரிய காரணம் ஓவியர் உதகாவா குனியோஷி.

1798ல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், பட்டுக்குச் சாயம் போடுபவரின் மகனாகப் பிறந்தார். ஓவியம் கற்றும் பல வருஷம் பெயர் கிடைக்கலை. 1827 வாக்கில் சீனக் கதை ஒன்றின் 108 வீரர்களை அச்சு ஓவியங்களாக்கத் தொடங்கினார். அதில் பலருக்கு உடம்பெல்லாம் டாட்டூ! ஓவியங்கள் சக்கைப்போடு போட்டன. தீயணைப்பு வீரர்களும் கூலித் தொழிலாளர்களும் அதே மாதிரி குத்திக்கொண்டார்கள்.

அர்த்தம் என்ன? டிராகன் தண்ணீருக்கு அதிபதி. நெருப்பில் இறங்குபவருக்குக் காவல். எதிர்நீச்சல் போடும் கெண்டை என்றால் விடாமுயற்சி.

குனியோஷி 1861ல் மறைந்தார். 1872ல் அரசு டாட்டூவைத் தடை செய்தது. 1948ல்தான் தடை நீங்கியது. அதுவரை கலை ரகசியமாகவே பிழைத்தது. அவர் வரைந்த வீரர்கள் இன்னும் பலர் முதுகில் வாழ்கிறார்கள்.