ராஜாஜி பிறந்தது எந்த ஜில்லா?

ராஜாஜி பிறந்தது 1878 டிசம்பர் 10-ந் தேதி. ஊர், ஓசூர் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளி. தந்தை சக்கரவர்த்தி அய்யங்கார் அந்த ஊர் முன்சீப்.

அப்போது ஓசூர் தாலுகா, சேலம் ஜில்லாவில் இருந்தது. சேலத்தில்தான் ராஜாஜி வக்கீலாகப் பெயர் எடுத்தார். 1948-ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். அப்போதும் அவர் சேலம் ஜில்லாக்காரர்தான்!

1956-ல் மொழிவாரியாக ராஜ்யங்கள் பிரிந்தன. மைசூர் எல்லை கூப்பிடு தூரம்தான். ஆனாலும் ஓசூர் சென்னை ராஜ்யத்திலேயே நின்றது.

1965-ல் தர்மபுரி தனி ஜில்லா ஆயிற்று. தொரப்பள்ளி அதில் சேர்ந்தது. அப்போது ராஜாஜிக்கு வயது 86. அவர் 1972-ல் காலமானார். 2004-ல் கிருஷ்ணகிரி ஜில்லா வந்தது. ஊர் அதற்குப் போயிற்று.

பாட்டன் பிறந்த ஊரைத் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1878-ம் வருஷத்து ஏட்டில் கிருஷ்ணகிரி ஜில்லா இராது. சேலம் ஜில்லா, ஓசூர் தாலுகா என்றுதான் தேடவேண்டும்.

தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது.