சேலம் பகடால நரசிம்மலு நாயுடு
கோயமுத்தூர் தன்னை ஆலைகளின் நகரமென்று சொல்லிப் பெருமை கொள்வது வழக்கம். அப்பெருமைக்கு வித்திட்டோருள் ஒருவரும், இந்த ஜில்லாவில் பத்திரிகைத் தொழிலுக்கு முன்னோடியுமான நரசிம்மலு நாயுடுவை நகரத்தார் மறந்தே போயினர் என்று நாம் அஞ்சுகிறோம்.

நாயுடு 1854ஆம் வருஷம் ஈரோட்டில் பிறந்தவர். 1877இல், தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவைச் சூறையாடிக் கொண்டிருந்த சமயத்தில், சேலம் தேசாபிமானி என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். அப்பஞ்சத்தில் மாண்டவர் பெரும்பாலும் கூலிக்காரரும் நெசவாளரும் சேரி ஜனங்களுமேயன்றி நிலச்சுவான்தார்களல்லர். பின்னர் கோவையில் குடியேறி 1881இல் கோயமுத்தூர் கலாநிதியை ஆரம்பித்தார். 1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மகாசபையின் 72 பிரதிநிதிகளுள் அவரும் ஒருவர். 1888இல் ஸ்டேன்ஸ் துரை முதலியோர் நூற்பு ஆலை கண்டபோது உடன் நின்று உழைத்தார். நூல்களும் பல எழுதினார். பிரம்ம சமாஜக் கொள்கையில் பற்றுடையவராயிருந்தும், தம் குலப்பெருமையை விரித்துப் பலிஜவாரு புராணம் எழுதியவரும் அவரே. அது நமக்கு உவப்பான காரியமன்று.

ஆயினும் ஆலையைவிட நாம் பெரிதாகக் கருதுவது அவர் தண்ணீருக்காகப் பட்ட பாட்டையே. அக்காலத்துக் கோவைக்குக் கிணறும் குளமுமே கதி. செல்வர் வீட்டில் சொந்தக் கிணறும், இறைத்துச் சுமக்க ஆளும் உண்டு. தீண்டப்படாதவரென்று ஒதுக்கப்பட்டோர் ஊர்ப் பொதுக் கிணற்றையும் அணுகக் கூடாதென்பது அந்நாளைய கொடுமை. கோடையில் நீர் வற்றிக் கலங்கினால் பேதி முதலில் நுழைவது அவர்கள் குடிசைக்குள்தான். மேற்கு மலையில் முத்திக்குளத்தருகே வீழும் சிறுவாணியோ, மலைக்கு அப்புறமாக ஓடிப் பவானியில் கலந்துவிடுகிறது. அந்நீரை நகருக்குக் கொணரலாமென்று 1880களின் இறுதியில் யோசனை எழுப்பியவர் நாயுடு. காட்டுக்குள் நேரில் சென்றும் பார்த்துவந்தார். ஆலை எழுந்தது, மேலும் ஆலைகள் எழுந்தன, தண்ணீர் வரவில்லை. பருத்தி நூலில் லாபம் கண்ட நகரம், தன் தொழிலாளி குடிக்கும் நீருக்கு அந்த அவசரம் காட்டவில்லை. 1922இல் நாயுடு காலமானார். அதற்குப் பின்னரும் ஏழு வருஷங்களுக்கு மேல் கழிந்தே, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகச் சிறுவாணி கோவைக்கு வந்தது.

பழங்கதையென்று இதை ஒதுக்க நம்மால் இயலவில்லை. 2011இல் நாம் வசிக்கும் சரவணம்பட்டியும் மாநகராட்சியில் சேர்க்கப்பட்டது. சத்தியமங்கலம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகள் எழும்பியுள்ளன. லாரித் தண்ணீரை விலைக்கு வாங்க வல்லவரும், குழாயடியில் முறை பார்த்து நிற்பவரும் அருகருகே வாழ்கின்றனர். வரி வசூலில் எல்லா வார்டும் சமமே. எந்த வீதிக்கு எத்தனை நாளுக்கொருமுறை, எத்தனை மணி நேரம் தண்ணீர் விடப்படுகிறது என்ற கணக்கை மாநகராட்சி வார்டுவாரியாக மாதந்தோறும் பிரசுரிக்க வேண்டுமென்று கோருகிறோம். நாயுடு கவுன்சிலில் இன்று இருந்தால் முதலில் கேட்டிருக்கக்கூடிய கணக்கு அதுவே.