புரூக்ளின் பாலமும் எமிலி அம்மையாரும்

பாலம் என்றதும் ஆற்றின் நடுவே வரிசையாக நிற்கும் தூண்களே நம் கண்முன் தோன்றும். கப்பல்கள் ஓயாது செல்லும் ஆற்றில் அவ்வாறு தூண்களை நட இயலாது. அங்கே கைகொடுப்பது தொங்கு பாலம். இரு பக்கமும் உயர்ந்த கோபுரங்கள். அவற்றின் உச்சியில் ஏறி இறங்கும் வடங்கள். வடங்களிலிருந்து தொங்கும் பாதை. வடங்களின் நுனிகளைக் கரையிலுள்ள பெருங் கற்கட்டடங்கள் இறுகப் பிடித்திருக்கும். அமெரிக்காவின் நியூயார்க்கில் உள்ள புரூக்ளின் பாலம் இவ்வகையில் புகழ் பெற்றது. அதைக் கட்டி முடிக்கத் துணைநின்ற ஒரு பெண்மணியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

எமிலி வாரன் 1843-ஆம் ஆண்டு கோல்டு ஸ்பிரிங் என்னும் சிற்றூரில் பன்னிரு மக்களுள் பதினோராவதாகப் பிறந்தார். ஜார்ஜ்டவுனில் விசிட்டேஷன் சபைக் கன்னியர் நடத்திய பள்ளியில் பயின்றார். கன்னியர் பள்ளி மாணவி என்று அறிந்ததும் அவர் நமக்குச் சற்று நெருங்கியவராகவே தோன்றினார்! 1865-இல் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கை மணந்தார். மாமனார் ஜான் ரோப்ளிங் தொங்கு பாலங்கள் அமைப்பதில் வல்லவர். புரூக்ளின் பாலத்தைத் திட்டமிட்டவரும் அவரே. 1869-இல் படகுத் துறையில் அவர் கால் நசுங்கியது. ரண ஜன்னி கண்டு இறந்தார். பொறுப்பு மகன்மேல் விழுந்தது.

கோபுரங்களுக்கு ஆற்றின் அடியில் அஸ்திவாரம் இடுவது எப்படி? ஒரு குவளையைக் கவிழ்த்துத் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். உள்ளே காற்று நிற்கும். அதுபோலவே மாபெரும் மர அறையைக் கவிழ்த்து இறக்கி, அழுத்திய காற்றைச் செலுத்தி நீரைத் தடுத்தனர். தொழிலாளர் உள்ளே மண்ணைத் தோண்டத் தோண்ட, மேலே கல் அடுக்க அடுக்க, அறை கீழே இறங்கியது. நியூயார்க் பக்கம் ஏறத்தாழ 78 அடி ஆழம் சென்றது. அழுத்தத்திலிருந்து விரைந்து வெளியேறினால் இரத்தத்தில் வாயுக் குமிழிகள் உண்டாகும் என்பதை அன்று எவரும் சரிவர அறியார். பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். 1872-இல் வாஷிங்டனும் நோயில் வீழ்ந்தார். பணியிடத்துக்குச் செல்லவே முடியாத நிலை.

அப்போதுதான் எமிலி முன்வந்தார். உயர் கணிதம், பொருள்களின் வலிமை, வடம் தொங்கும் வளைவு, அனைத்தையும் கற்றார். கணவரின் குறிப்புகளைப் பணியிடத்துக்குக் கொண்டு சென்று விளக்கினார். அங்கு எழுந்த ஐயங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கடிதங்களும் கணக்குகளும் அவர் கையால் சென்றன. பத்தாண்டுக்கு மேல் இப்படியே! தலைமைப் பொறியாளரே அவர்தாம் என்று எண்ணியவர்களும் உண்டு.

முந்தைய பாலங்களில் இரும்புக் கம்பியே பயன்பட்டது. இங்கோ துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பி. நான்கு வடங்கள், ஒவ்வொன்றிலும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கம்பிகள். அவற்றைக் கயிறுபோல முறுக்கவில்லை. சக்கரம் ஒன்று கரைக்குக் கரை இழுத்துச் செல்ல, பக்கம் பக்கமாகக் கிடத்திக் கட்டினர். 1878-இல் ஒரு மோசடி வெளிப்பட்டது. சோதனையில் தேறிய நல்ல கம்பியை வழியில் மாற்றி, மட்டமான கம்பியை ஒப்பந்தக்காரர் அனுப்பியிருந்தார். வடத்தில் சேர்ந்துவிட்டதை எடுக்க வழியில்லை. நல்ல வேளையாகத் தேவைக்கு ஆறு மடங்கு வலிமை இருக்குமாறு முன்னமே திட்டமிட்டிருந்தனர். வடம் ஒன்றுக்குச் சுமார் 150 கம்பிகளைக் கூடுதலாகச் சேர்த்து நிலைமையைச் சமாளித்தனர். அந்த மட்டக் கம்பி இன்றும் வடங்களுள் இருக்கிறது.

1882-இல் நோயாளியான வாஷிங்டனைப் பதவியிலிருந்து நீக்க முயற்சி நடந்தது. சில வாக்குகளில் தப்பினார். 1883 மே 24 அன்று பாலம் திறக்கப்பட்டது. அதற்குச் சில நாள் முன்பே எமிலி குதிரை வண்டியில் முதன்முதலாக அதைக் கடந்தார். வெற்றியின் அறிகுறியாக மடியில் ஒரு சேவல்!

பின்னர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1899-இல், ஐம்பத்தைந்து வயதில், சான்றிதழ் பெற்றார். 1903-இல் மறைந்தார். நோயாளிக் கணவர் 1926 வரை வாழ்ந்தார். 1951-இல் பாலத்தில் பதித்த நினைவுப் பலகையில் மாமனார், கணவர் பெயர்களோடு எமிலியின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.