கோப்பில் அடங்காத மனிதர் மார்ட்டின் லூதர் கிங்

2025 ஜூலை 21 அன்று அமெரிக்க அரசு ஒரு பெரிய கோப்புக் கட்டை அவிழ்த்தது. 1968-இல் சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் தொடர்பான 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் அவை. 57 ஆண்டுகள் கழித்து வெளிவந்த அந்தத் தாள்களைப் பற்றி மணவூரில் இருக்கும் நாம் ஏன் பேச வேண்டும்? அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும்.

1929 ஜனவரி 15 அன்று ஜார்ஜியா மாநிலம் அட்லாண்டாவில் கிங் பிறந்தார். தந்தை திருச்சபைப் போதகர். அன்றைய தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி, தனிக் குடிநீர்க் குழாய், பேருந்தில் பின் இருக்கை. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையைப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரி நகரில், வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார். கறுப்பின மக்கள் பேருந்தையே புறக்கணித்தார்கள். வேலைக்கும் கடைக்கும் நடந்தே போனார்கள். அந்தப் போராட்டத்துக்குத் தலைமை ஏற்றபோது கிங்கின் வயது 26. அவர் வீட்டின் மீது குண்டு வீசப்பட்டது. ஆத்திரத்தோடு திரண்ட மக்களை அவர் அமைதிப்படுத்தி அனுப்பினார். 381 நாட்கள் நீடித்த புறக்கணிப்பு வென்றது. பேருந்தில் இனப் பாகுபாடு சட்டப்படி ஒழிந்தது.

1959-இல் கிங் இந்தியாவுக்கு வந்து ஒரு மாதம் தங்கினார். தமிழகத்துக்கும் வந்தார். திருவனந்தபுரத்தில் தலித் மாணவர்கள் படித்த ஒரு பள்ளிக்குச் சென்றபோது, தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்தாராம். முதலில் கிங்குக்கு அதிர்ச்சி. பிறகு, தம் நாட்டில் தம் மக்களின் நிலையை எண்ணிப் பார்த்து, அது உண்மைதான் என்று ஏற்றுக்கொண்டார். ஆறு ஆண்டுகள் கழித்து அட்லாண்டா தேவாலயத்தில் அவரே இதைச் சொன்னார். சேரிக்கும் அட்லாண்டாவுக்கும் உறவு உண்டென்று அவர் உணர்ந்த நாள் அது.

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் அவர் பேச்சைக் கேட்க ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் திரண்டார்கள். மறு ஆண்டு, 35-ஆம் வயதில், அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். உலகம் அவரைக் கொண்டாடிய அதே நேரத்தில் எஃப்.பி.ஐ. எனும் புலனாய்வு அமைப்பு அவர் தொலைபேசியை ஒட்டுக்கேட்டது. தங்கும் அறைகளில் ஒலிக்கருவிகளை மறைத்து வைத்தது. உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டும் விதமாக ஒரு மொட்டைக் கடிதமும் அனுப்பியது. இதை 1970-களில் அமெரிக்க செனட் குழுவே விசாரித்து அம்பலப்படுத்தியது.

அவர் கடைசியாக நின்ற களம் துப்புரவுத் தொழிலாளர்களுடையது. 1968 பிப்ரவரி 1 அன்று மெம்பிஸ் நகரில் குப்பை லாரியின் இயந்திரத்தில் நசுங்கி இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஏறத்தாழ 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். தாங்களும் மனிதர்களே என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அவர்களுக்குத் துணையாக வந்த கிங், ஏப்ரல் 4 மாலை விடுதி மாடியில் நின்றபோது சுடப்பட்டு இறந்தார். வயது 39. அடுத்த 12 நாட்களில் நகர நிர்வாகம் பணிந்தது. தொழிற்சங்கம் அங்கீகாரம் பெற்றது, கூலி உயர்ந்தது.

கொலைக்காக ஜேம்ஸ் ஏர்ல் ரே என்பவர் லண்டனில் பிடிபட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டு 99 ஆண்டு தண்டனை பெற்ற அவர், சில நாட்களிலேயே அதை மறுத்தார். சுட்டவர் ரேதான், ஆனால் சதி இருந்திருக்கக்கூடும் என்று 1979-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு சொன்னது. கிங்கின் குடும்பத்தாரோ ரே குற்றவாளி என்பதையே நம்பவில்லை. அதனால்தான் கோப்புகளைத் திறப்பது பெரிய செய்தியானது.

கிங்கின் பிள்ளைகள் அப்போது ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். இந்தத் தாள்களை இரக்கத்தோடும் நிதானத்தோடும் படிக்க வேண்டும் என்பதே அது. அவர்கள் அஞ்சியதில் நியாயம் உண்டு. அவரைப் பற்றிய பல குறிப்புகளை எழுதியது அவரை ஒழிக்க நினைத்த கைகள். ஒட்டுக்கேட்ட ஒலிநாடாக்கள் நீதிமன்ற உத்தரவால் 2027 வரை முத்திரையிடப்பட்டுள்ளன. ஒரு கோப்பைத் திறந்தாலே உண்மை வந்துவிடாது. அதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று கேட்டுப் படித்தால்தான் உண்மை வரும்.

நமக்கும் இது பாடம். 1957-இல் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். கிங் இறந்த அதே 1968-இல், டிசம்பரில், கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1997-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் வெட்டிக் கொல்லப்பட்டார். இவற்றையெல்லாம் காவல்துறையும் அரசும் தாளில் எழுதியிருக்கின்றன. 20 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுகள் பற்றிய தகவலை, சில விலக்குகள் தவிர, தர வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மனுக் கட்டணம் 10 ரூபாய். மணவூரில் ரயிலேறினால் சென்னை சென்ட்ரல், அங்கிருந்து சிறிது தூரத்தில் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் அந்தப் படியில் ஏற வேண்டும். நம் தலைவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதி வைத்ததைப் படிக்க வேண்டும். அதில் விடுபட்டதை நம் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு நாமே எழுத வேண்டும்.